முதல் கெடாமல் ஒரு மகனுக்கு

கேள்வி: எனக்கு வயது 64. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 70 வயது. சென்ற ஆண்டு இதய அறுவை சிகிச்சை நடந்தது. மூத்த மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இளைய மகனுக்கு 29 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. 75 சதவீதம் என்று சான்றிதழ் தந்திருக்கிறார்கள். தானே குளிப்பான், உடுத்துவான், சாப்பிடுவான். பணத்தின் மதிப்பு தெரியாது. கல்லிடைக்குறிச்சியில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. கணவர் பெயரில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சையும், வங்கியில் 22 லட்சம் ரூபாயும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூத்தவன் பெயருக்கு எழுதிவிட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்வான் என்கிறார் கணவர். இளையவன் பெயருக்கே எழுதிவிடலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. வங்கியில் ஒருவர் டிரஸ்ட் அமைக்கச் சொன்னார். அது பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியதல்லவா? மூத்தவனும் மருமகளும் நல்லவர்கள்தான். ஆனாலும் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எல்லாவற்றையும் மூத்தவர் பெயருக்கு எழுத வேண்டாம். இளையவர் பெயருக்கும் எழுத வேண்டாம். வங்கியில் உங்களிடம் பேசியவர் சரியான வழியைத்தான் காட்டியிருக்கிறார்.

மூத்தவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படியே நம்புகிறேன். பாளையங்கோட்டையில் 26 ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்துகிறேன். அதில் ஒரு குடும்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்களைப் போலவே ஒரு தகப்பனார், வீட்டையும் நிலத்தையும் மூத்த மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வாய்ச்சொல்; பத்திரத்தில் அது இல்லை. அந்த அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒன்பது ஆண்டுகள் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சாப்பிட்டார். இடையில் தொழிலுக்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். பிறகு ஒரு நாள் நாற்கரச் சாலையில் விபத்து நடந்து இறந்துபோனார். வீடு கடனுக்குப் போயிற்று. அவருடைய மனைவி இரண்டு சிறு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. “கொழுந்தனாரை என் அண்ணன் வீட்டுக்கு எந்த முகத்தோடு கூட்டிக்கொண்டு போவேன்?” என்று என் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் அழுதார். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை, அம்மா. சொத்து ஒருவர் பெயருக்கு வந்துவிட்டால் அவருடைய கடன், சாவு, அவர் வாரிசுகளின் பங்கு எல்லாம் சேர்ந்துதான் வரும்.

மகன் கவனிக்காவிட்டால் எழுதிக் கொடுத்த பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று உங்கள் கணவர் கேள்விப்பட்டிருக்கலாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு, கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்துக்கு அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் அது உங்கள் இருவருக்கான பாதுகாப்பு. உங்கள் காலத்துக்குப் பிறகு இளைய மகன் அந்தப் பிரிவைச் சொல்லி எதையும் கேட்க முடியாது.

சரி, இளையவர் பெயருக்கே எழுதினால் என்ன? சொத்து அவருடையதாகத்தான் இருக்கும். ஆனால் அவரால் விற்க முடியாது, குத்தகைக்கு விட முடியாது, வங்கியில் கையெழுத்திட்டுப் பணம் எடுக்க முடியாது. யாராவது பலகாரம் வாங்கிக் கொடுத்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம். தான் செய்வது என்னவென்று விளங்காதவர் வைக்கும் கைநாட்டு சட்டத்தின் முன் செல்லாது. ஆனால் அது செல்லாது என்று நிரூபிக்க, உங்களுக்குப் பிறகு யார் நீதிமன்றப் படி ஏறுவார்? ஒன்றும் எழுதாமலே விட்டுவிட்டாலும் இதே நிலைதான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் சமபங்கு உண்டு. குறைபாட்டைக் காரணம் காட்டி யாரும் அவரை விலக்க முடியாது என்று 28ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பங்கு கிடைக்கும், அதை அனுபவிக்கத்தான் வழி இருக்காது.

டிரஸ்ட் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் பொறுப்பேற்று வைத்திருக்கிறார், மூன்றாமவர் அனுபவிக்கிறார். பள்ளிக்கூடம், மருத்துவமனை நடத்துவது பொது டிரஸ்ட். உங்களுக்கு வேண்டியது குடும்பத்துக்குள் அமைக்கும் தனியார் டிரஸ்ட். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. பொறுப்பேற்று வைத்திருப்பவர்தான் டிரஸ்டி. அவர் தன் சொந்தக் கடனுக்கு அந்தச் சொத்தை இழக்க மாட்டார்; அவர் இறந்தால் அவருடைய மனைவி மக்களுக்கு அது போகாது. நான் மேலே சொன்ன குடும்பத்தில் இந்த ஒரு பத்திரம் இருந்திருந்தால் அந்தத் தம்பி இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருந்திருப்பார்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஆற்றைக் கடந்தால் உங்களுக்கு அம்பாசமுத்திரம். அதன் பழைய பெயர் இளங்கோக்குடி. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் வரகுணன், இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முதல் கெடாமல், அதன் பொலிசையை, அதாவது வட்டியைக் கொண்டு இறைவனுக்கு நாள்தோறும் நான்கு வேளை அமுது படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுத்தது மன்னன், வைத்திருந்தது சபை, அமுது கோயிலுக்கு. உங்கள் மகனுக்கும் இதைத்தான் செய்யப் போகிறோம். அந்தக் கல்வெட்டில் நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பவை இரண்டு. மன்னன் காசைத் தனி மனிதர் ஒருவரை நம்பிக் கொடுக்கவில்லை, ஒரு சபையிடம் கொடுத்தான். பொலிசையைக் காசாக அல்லாமல் நெல்லாக அளக்கச் சொன்னான்.

முதலில் சபையைப் பார்ப்போம். டிரஸ்டிகள் மூன்று பேர் இருக்கட்டும். மூத்த மகன் ஒருவர். உங்கள் பக்கத்திலோ கணவர் பக்கத்திலோ அடுத்த தலைமுறையில் பொறுப்பான ஒருவர். மூன்றாமவர் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவருக்கு மாணவர்கள் இல்லாமலா போவார்கள்? வங்கியிலோ கணக்குத் தணிக்கையிலோ இருக்கிற, நாற்பது வயதை ஒட்டிய ஒரு மாணவரைக் கேட்டுப் பாருங்கள். கணவருடைய வயதுக்காரர் வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவரானாலும் உங்கள் மகனுக்கு முன்னால் முதுமை அவருக்கு வந்துவிடும். யாரையும் கேட்காமல் பெயரைப் போட்டுவிடாதீர்கள். பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் பிறகு நினைத்தபோது விலகிவிட முடியாது. எப்படி விலகலாம், அந்த இடத்துக்கு யாரை எப்படி நியமிப்பது, தவறு செய்தவரை எப்படி நீக்குவது என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்துதான் எதையும் செய்ய முடியும். ஒருவர் சென்னையில், ஒருவர் வெளிநாட்டில் என்றால் ஒரு மருத்துவமனைச் செலவுக்குக்கூடப் பணம் நகராது. ஆகவே இருவர் ஒப்பினால் போதும், வங்கிக் காசோலையில் இருவர் கையெழுத்து என்று எழுதுங்கள். வெளி டிரஸ்டிக்குச் சிறு தொகை ஊதியமாகத் தருவதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அவர் அதைக் கேட்க முடியாது. இருபது ஆண்டுகள் சும்மா வேலை செய்ய ஒருவரை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

இனி நெல்லின் செய்தி. விலைவாசி ஏறினால் நெல்லின் விலையும் ஏறும்; காசாக வரும் வட்டி அப்படி ஏறாது. 22 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,54,000 ரூபாய் வரும். மாதம் ஏறத்தாழ 12,800. இன்றைக்கு அது அவருக்குப் போதுமானதாகத் தோன்றும். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகிவிடும். அப்போது உங்கள் மகனுக்கு 41 வயதுதான் ஆகியிருக்கும். வட்டி முழுவதையும் செலவழித்துவிட்டு முதல் அப்படியே இருக்கிறது என்று மகிழ்ந்திருந்தால், உண்மையில் முதல் பாதியாகக் குறைந்திருக்கும். முதல் கெடாமல் என்பதற்கு இந்தக் காலத்தில் இந்தப் பொருளும் உண்டு. வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்துவிட வேண்டும். பத்திரத்தில் “மாதம் பத்தாயிரம் ரூபாய்” என்பது போல ஒரு தொகையை எழுதிவிடாதீர்கள். உணவு, உடை, மருந்து, பராமரிப்பவர் சம்பளம், பயணம், அவருடைய சின்னச் சின்ன விருப்பங்கள் ஆகியவற்றுக்குத் தேவையானதைச் செலவிடலாம், நெருக்கடியில் முதலிலிருந்தும் எடுக்கலாம் என்று எழுதுங்கள். அவர் பட்டினி கிடக்க முதலைக் காப்பாற்றிப் பயனில்லை.

பெரும்பாலோர் யோசிக்காத கேள்வி ஒன்று உண்டு. உங்கள் இளைய மகனின் காலத்துக்குப் பிறகு மிச்சம் யாருக்கு? நான் வரைந்த பத்திரங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இந்த ஒரு வரிதான். மிச்சம் முழுவதும் மூத்தவருக்கு என்று எழுதி, அவரையே டிரஸ்டியாகவும் வைத்தால், தம்பிக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கையிலிருந்து போவதாகிவிடும். நல்ல மனிதரை அப்படி ஓர் இக்கட்டில் நிறுத்தக்கூடாது. மிச்சம் பேரன் பேத்திகள் அனைவருக்கும் சமமாக என்றோ, ஒரு பகுதி இவரைப் போன்றவர்களைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு என்றோ எழுதலாம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணி செய்து வருவதை அறிந்திருப்பீர்கள். அதைப் போன்ற இடங்களுக்கு ஒருமுறை மகனோடு போய்ப் பாருங்கள். உதவி என்னென்ன வடிவில் கிடைக்கிறது என்று நேரில் தெரிந்துகொண்டால் பத்திரம் எழுதவும் எளிது.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். முழுவதையும் இன்றே டிரஸ்டுக்கு மாற்றிவிட வேண்டியதில்லை. உங்களுக்கும் மருத்துவச் செலவு இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாயோடு இப்போதே ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். முதல் டிரஸ்டிகளாக நீங்கள் இருவரும் மூத்த மகனும் இருங்கள். டிரஸ்ட் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் நீங்களே நடத்திப் பார்த்தால் பத்திரத்தில் எங்கே இடிக்கிறது என்று தெரியும், பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள். மற்றவை உயில் வழியாக டிரஸ்டுக்கு வரட்டும். நீங்கள் ஓர் உயில், கணவர் ஓர் உயில். ஒவ்வொன்றுக்கும் சொத்தில் பங்கில்லாத இரண்டு சாட்சிகள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிவும் கட்டாயம் இல்லை. இருந்தாலும் பதிவு செய்யுங்கள். வீடு டிரஸ்டுக்குப் போகட்டும். மகன் வாழும்வரை அங்கே குடியிருக்கும் உரிமையையும், அங்கே வாழ முடியாத நிலை வந்தால் விற்றுப் பணத்தை அவருக்கே பயன்படுத்தும் அதிகாரத்தையும் எழுதுங்கள். வங்கி வைப்பில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்லர். இதில் எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன.

நஞ்சையை டிரஸ்டில் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கார், பிசானம் என்று இரண்டு போகத்தையும் நின்று பார்க்க ஆள் வேண்டும். குத்தகைக்கு விட்டால் 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நிலத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. நிலத்தை மூத்தவருக்கும் மகளுக்கும் விடுங்கள்; அவர்களுக்கும் பெற்றோர் சொத்தில் ஆசை இருக்கும், அது தவறில்லை. ஆனால் ஆண்டுதோறும் இத்தனை கோட்டை (நெல் அளக்கும் நம் பக்கத்துப் பழைய அளவு) நெல்லுக்கு அன்றைய விலை எவ்வளவோ அந்தத் தொகையை டிரஸ்டுக்குக் கட்ட வேண்டும் என்று அந்த நிலத்தின் மேலேயே ஒரு பாத்தியதையை உயிலில் எழுதிவிடுங்கள். விலைவாசி ஏறினால் தொகையும் ஏறும். இதற்கு முன் மூலப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நிலம் பூர்வீகமாக இருந்தால் பிள்ளைகள் மூவருக்கும் அதில் ஏற்கெனவே பங்கு இருக்கக்கூடும். உங்கள் கணவர் முழுவதையும் தன் விருப்பப்படி எழுத முடியாது.

டிரஸ்ட் பணத்தைப் பார்த்துக்கொள்ளும். மகனை யார் பார்த்துக்கொள்வது? அது வேறு ஏற்பாடு. 18 வயது முடிந்த பிறகு பெற்ற தாய்கூடச் சட்டத்தின் பார்வையில் தானாகக் காப்பாளர் ஆவதில்லை. நிறையப் பேருக்கு இது தெரியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கிறது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்த்து மனுக் கொடுங்கள். காப்பாளர் சான்று இருந்தால் வங்கியில் மகன் பெயரில் கணக்கை நடத்த முடியும். நியமனமான ஆறு மாதத்துக்குள் மகனுடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இப்போது நீங்கள் காப்பாளராக இருங்கள். பின்னால் மகள் வரட்டும், தூத்துக்குடி பக்கம்தானே. அந்தச் சமயத்தில் அவர் குழுவிடம் புதிதாக மனுச் செய்ய வேண்டும், உயிலில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. மகளை டிரஸ்டியாக ஆக்காததற்குக் காரணம் இதுதான். சோறு போடுகிற கையும் பணப்பெட்டிச் சாவி வைத்திருக்கிற கையும் வேறாக இருந்தால், அக்காள் கணக்குக் கேட்பார், அண்ணன் தம்பி எப்படி இருக்கிறான் என்று வந்து பார்ப்பார்.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தக் காப்பாளர் ஏற்பாடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. பார்வை இல்லாத, காது கேளாத பிள்ளைக்காக யாரும் காப்பாளர் தேட வேண்டாம். பாளையங்கோட்டைப் பள்ளிகளில் படித்து வெளியே வந்து தங்கள் சம்பாத்தியத்தைத் தாங்களே ஆளுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் பெயரில் சொத்தை நேராகவே எழுதுங்கள்.

உங்கள் கணவர் அரசு ஓய்வூதியர் என்பதால் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. அவருக்குப் பிறகு உங்களுக்கும், உங்களுக்குப் பிறகு சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகனுக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதிகளில் இடம் உண்டு. கணவர் இருக்கும்போதே மகனின் பெயரையும் மருத்துவச் சான்றையும் ஓய்வூதிய ஆவணத்தில் சேர்க்க விண்ணப்பியுங்கள். இந்த மாதமே செய்யுங்கள். பிறகு செய்தால் அலைச்சல் பல மடங்கு. அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்றும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் (ஒரு லட்சம் வரை) சேர்ந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வரியைப் பற்றி ஒன்றே ஒன்று: பயனாளி இவர் ஒருவரே, வருமானம் முழுவதும் இவருக்கே என்று பத்திரத்தில் தெளிவாக இருந்தால் இவருக்குரிய விகிதத்தில்தான் வரி. யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகள் விருப்பத்துக்கு விட்டால், வாழும்போது அமைத்த டிரஸ்டுக்கு மிக உயர்ந்த விகிதம் விழும்.

கடைசியாக, எந்த வழக்கறிஞரும் எழுத முடியாத ஒரு தாள் இருக்கிறது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். அவர் எத்தனை மணிக்கு எழுவார், எந்த மாத்திரை, எந்த மருத்துவர், சோற்றில் குழம்பை ஊற்றினால் பிடிக்குமா, தனியாக வைக்க வேண்டுமா, இடி இடித்தால் என்ன செய்வார், யாரைக் கண்டால் சிரிப்பார், கோபம் வந்தால் எதைச் சொன்னால் தணியும். ஒரு நோட்டில் எழுதி டிரஸ்ட் பத்திரத்தோடு வையுங்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுத்துத் திருத்துங்கள். அதற்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனால் நாளை அவரைக் கவனிக்க வருகிறவர் முதலில் தேடுவது அந்த நோட்டாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் எல்லாருடைய எண்ணமும் இருந்தது. இளையவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர் விருப்பத்தையும் மதிக்கச் சொல்கிறது. பணத்தின் மதிப்பு தெரியாதவருக்கும் எந்த வீட்டில் படுத்தால் தூக்கம் வரும், அக்காள் வீடு பிடிக்குமா, அண்ணன் வீடு பிடிக்குமா என்பது தெரியும். அடுத்த முறை மூத்தவரும் மகளும் ஊருக்கு வரும்போது எல்லாரும் உட்கார்ந்து பேசுவீர்கள் அல்லவா, அப்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதை அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.